எச்ஐவி மாத்திரை தொடங்கியபின் தோன்றும் சிவந்த திட்டு

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் செம்பனைக் குலை வெட்டுபவர் அவர். முன்கையில் சிவந்து தடித்த திட்டுடன் என்னிடம் வந்தார். எச்ஐவிக்கு மாத்திரை தொடங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது.

"மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை டாக்டர். பத்து நாளாக நிறுத்திவிட்டேன்."

கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் திட்டைத் தொட்டேன். அவருக்குத் தெரியவில்லை. முழங்கை நரம்பு கயிறுபோல் தடித்திருந்தது; அழுத்தினால் வலித்தது. சுண்டுவிரலில் ஒரு கொப்புளம். எப்போது சுட்டதென்று அவருக்கே நினைவில்லை.

தொழுநோய்.

இந்தக் கிருமி மிக மெதுவாகப் பெருகுவது. உள்ளே நுழைந்து அறிகுறி தெரியச் சராசரியாக 5 ஆண்டுகள், சிலருக்கு 20 ஆண்டுகள்கூட ஆகும். எச்ஐவியால் எதிர்ப்பாற்றல் சரிந்திருந்தபோது அவர் உடல் கிருமியோடு போராடவே இல்லை. அதனால் வீக்கமும் இல்லை. மாத்திரை வேலை செய்யத் தொடங்கியதும் ஆற்றல் மீண்டு, பதுங்கியிருந்த கிருமியின்மேல் பாய்ந்தது. 2003 முதல் மருத்துவ ஏடுகளில் இத்தகைய நோயாளிகளைப் பற்றிய பதிவுகள் உள்ளன. பெரும்பாலும் மாத்திரை தொடங்கிய முதல் ஆறு மாதங்களுக்குள் இது நேர்கிறது.

ஆகவே மாத்திரையை நிறுத்தாதீர்கள். எச்ஐவி மருந்தும் தொழுநோய்க் கூட்டு மருந்தும் சேர்ந்தே போகவேண்டும். நரம்பு வீங்கியிருந்தால் ஸ்டீராய்டும் தேவைப்படும். அதில் தாமதித்தால் விரல் மடங்கிப்போகும். தோல் மருத்துவரிடம் எச்ஐவியை மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களின் அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் தொழுநோய்க் கூட்டு மருந்தில் உள்ள ரிஃபாம்பிசின் சில எச்ஐவி மருந்துகளின் வீரியத்தைக் குறைக்கும். அதனால் சொல்லித்தான் ஆகவேண்டும்.

உடன் வந்த அக்கா குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "பெருவியாதியா? தம்பியைச் சுங்கை பூலோவுக்கு அனுப்பிவிடுவீர்களா?"

தொழுநோயாளிகளுக்காக 1930-இல் திறந்த அந்தக் குடியிருப்பின் பயம் இன்னும் நம் குடும்பங்களில் இருக்கிறது. டாப்சோன் என்ற ஒற்றை மருந்தை கிருமி எதிர்த்து நிற்பது 1964-இல் அங்கிருந்த நோயாளிகளிடம்தான் நிரூபணமானது. அந்த அறிவிலிருந்துதான் 1981-இல் உலகச் சுகாதார நிறுவனம் கூட்டு மருந்தைப் பரிந்துரைத்தது. அடைபட்டுக் கிடந்த அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். "வீட்டிலேயே இருக்கட்டும் அக்கா. மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே பரவுவது நின்றுவிடும். ஒரே தட்டில்கூடச் சாப்பிடலாம்" என்றேன்.

எச்ஐவி மாத்திரையை அன்றிரவே மீண்டும் தொடங்கினார். கொப்புளம் ஆறிவிட்டது. சுண்டுவிரல் மட்டும் இன்னும் முழுதாக நிமிரவில்லை. பத்து நாள் முன்னதாக வந்திருந்தால் நிமிர்ந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.