புளித்தால் திறக்கும் பொட்டலம்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார்: "சார், 2025 மே மாதம் அமெரிக்காவில் ஒரு கைக்குழந்தைக்கு மரபணுவையே திருத்தியதாகச் செய்தி வந்ததே, வைரஸ் இல்லாமல் அந்த மருந்தைச் செல்லுக்குள் எப்படி அனுப்பினார்கள்? ஏதோ எண்ணெயில் கலந்து ஏற்றினார்களாம். என் அக்கா மகனுக்குத் தசைச் சிதைவு நோய். அவனுக்கும் இது வருமா?"

'ஏதோ எண்ணெய்' என்பது பாதிக்கு மேல் சரி.

செல்லுக்குள் நுழைவதில் வைரஸ் கில்லாடி. ஆனால் ஒருமுறை அனுப்பினால் உடம்பு அதை அடையாளம் வைத்துக்கொள்ளும். மறுமுறை உள்ளே விடாது. அந்தக் குழந்தைக்கு மூன்று தவணை மருந்து தேவைப்பட்டது. அதனால் கொழுப்புப் பொட்டலம். நான்கு வகைக் கொழுப்பை ஆல்கஹாலில் கரைத்து, எம்ஆர்என்ஏ (இன்ன புரதத்தைச் செய் என்று செல்லுக்குச் சொல்லும் குறிப்புச் சீட்டு) இருக்கும் புளிப்பு நீரோடு வேகமாகக் கலந்தால் குட்டி உருண்டைகள் தாமாகவே திரளும். தலைமுடித் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும். நான்கில் ஒன்று, நாம் பயந்து ஒதுக்கும் அதே கொலஸ்ட்ரால்.

செல் இந்த உருண்டையை விழுங்குகிறது. விழுங்கிவிட்டால் உள்ளே போயிற்று என்று நினைக்க வேண்டாம். செல் தன் சவ்விலேயே ஒரு பை கிள்ளி, அதற்குள் வைத்துத்தான் விழுங்கும். அந்தப் பை நேராகப் போய்ச் சேரும் இடம் செரிமானக் கிடங்கு. அங்கே போவதற்குள் மருந்து பையைவிட்டு வெளியே வந்தாக வேண்டும்.

இங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம் வருகிறது. சித்தூர் தாலுகாக்காரர்களுக்கு இதைச் சொல்ல உதாரணம் தேடி அலைய வேண்டாம். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் காலையில் இறங்குவது தெளுவு, அதாவது புளிக்காத பதநீர்; தடவாவிட்டால் கள். (எல்லை தாண்டி வருகிறவர்கள் இரண்டாவதற்குத்தான் வருகிறார்கள் என்பது வேறு கதை.) செல்லின் பையும் சுண்ணாம்பு தடவாத கலயம்தான், நேரம் ஆக ஆகப் புளிக்கும். கள்ளைப் புளிக்க வைப்பது நுண்ணுயிர். பையைப் புளிக்க வைப்பது அதன் சவ்வில் இருந்து, புளிப்புத் தரும் புரோட்டான்களை உள்ளே தள்ளும் புரோட்டான் பம்புகள்.

பொட்டலத்தில் இருக்கும் முக்கியமான கொழுப்பு இந்தப் புளிப்புக்காகவே காத்திருக்கிறது. 1987ல் ஆய்வகத்துக்கு வந்த பழைய கொழுப்புகள் எந்நேரமும் நேர்மின்னேற்றத்தோடு இருந்தன. எதிர்மின்னேற்றம் கொண்ட மரபணுவை நன்றாகவே கட்டிப் பிடித்தன, ஆனால் ரத்தத்தில் கண்ட புரதத்தையும் பிடித்தன, செல்லையும் நோகடித்தன. இப்போதைய கொழுப்பின் தலையில் ஒரு அமீன் இருக்கிறது, புளிப்பில் புரோட்டானைப் பிடித்து நேர்மின்னேற்றம் பெறும் நைட்ரஜன் பகுதி. அது பாதிக்குப் பாதி மின்னேற்றம் பெறும் பிஹெச் அளவு (புளிப்பின் அளவுகோல், எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 6.4 என்று வையுங்கள். ரத்தத்தின் பிஹெச் 7.4. அங்கே 11 மூலக்கூறில் ஒன்றுதான் மின்னேற்றத்தோடு இருக்கும், சாது. பை புளித்து 5.4க்கு வந்ததும் 11ல் பத்து விழித்துக்கொள்ளும். இந்த எண் 6.2க்கும் 6.5க்கும் நடுவில் அமைந்தால்தான் வேலை நன்றாக நடக்கிறது. எத்தனையோ கொழுப்புகளைச் செய்து பார்த்துத்தான் இதைக் கண்டார்கள்.

விழித்த கொழுப்பு, பையின் சவ்வில் இருக்கும் எதிர்மின் கொழுப்போடு ஜோடி சேர்கிறது. ஜோடியின் வடிவம் ஆப்பு மாதிரி. நேர்ச் செங்கல்லை அடுக்கினால் நேர்ச் சுவர் வரும்; ஆப்புக் கல்லை அடுக்கினால் கிணற்றுச் சுவர் மாதிரி வளையத்தான் செய்யும். தட்டையாக நின்ற சவ்வு அந்த இடத்தில் நிற்க முடியாமல் கிழிகிறது. மருந்து வெளியே. ஆய்வகத்தில் புரோட்டான் பம்புகளை அடைத்துவிட்டால், அதாவது கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவிவிட்டால், மருந்து வெளியே வருவது வெகுவாகக் குறைந்துவிடும்.

கொழுப்பின் இந்த வடிவக் கணக்கை கனடாவில் வான்கூவரின் விஞ்ஞானி பீட்டர் கல்லிஸ் 1970களின் கடைசியிலேயே ஆராய ஆரம்பித்துவிட்டார். இந்த வழியில் முதல் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2018ல். நம் ஊரில் நிதி கேட்டால் 'மூன்று ஆண்டில் என்ன பயன்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் அவர் என்ன எழுதியிருப்பார்?

கொரோனா காலத்தில் ஊசி மரபணுவை மாற்றும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பி எங்கள் சித்தப்பா கடைசிவரை போட்டுக்கொள்ளவில்லை. அவருக்குக் கிடைத்திருக்கக்கூடிய கோவிஷீல்டிலும் கோவாக்சினிலும் இந்தப் பொட்டலமே கிடையாது. ஃபைசர் ஊசியில் உண்டு, ஆனால் அதில் இருந்தது திருத்தும் சரக்கு இல்லை. பொட்டலம் ஒன்றாக இருந்தாலும் சரக்கு வேறு.

சரி, அக்கா மகன் கேள்விக்கு வருகிறேன். ரத்தத்தில் ஏற்றிய இந்தப் பொட்டலத்தின் மேல் அபோ-ஈ என்ற நம் புரதமே வந்து ஒட்டிக்கொள்கிறது. கொலஸ்ட்ராலைக் கல்லீரலுக்குக் கூட்டிப்போகும் அதே புரதம், இதையும் கொலஸ்ட்ரால் என்று எண்ணி அங்கேயே கூட்டிப்போகிறது. அந்தக் குழந்தையின் பிழை கல்லீரலில் இருந்தது, அதனால் முகவரி பொருந்தியது. தசை உடம்பு முழுக்கப் பரவியிருக்கிறது. அதற்கு இப்படி ஒரு முகவரிச் சீட்டைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறார்கள். சேர்ந்த இடத்திலும் சேதாரம் அதிகம்: 2013ல் எண்ணிப் பார்த்தபோது, செல் விழுங்கிய சரக்கில் பையைவிட்டு வெளியே வந்தது 1 முதல் 2 சதவீதம்தான். அதனால் அம்மா, 'கொழுப்பு ஊசியில் தசை நோய் தீரும்' என்று எல்லையின் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ யாராவது இன்றைக்குப் பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.