ஹாம்ஸ்ட்ரிங்: நரம்பா, நாணா, தசையா?

வேகமாக ஓடிவந்த பையன் சட்டென்று நொண்டி நின்று, தொடையின் பின்பக்கத்தைக் கையால் அழுத்திப் பிடிக்கிறான். மைதானத்தில் நிற்பவர்கள் 'நரம்பு இழுத்துக்கிச்சு' என்பார்கள். டிவி வர்ணனையில் அது 'ஹாம்ஸ்ட்ரிங்'. செய்தியில் வெறும் 'தொடையில் காயம்'.

பழைய ஆங்கிலத்தில் 'ஹாம்' என்றால் முழங்காலின் பின்பக்க மடிப்பு. அது பிறகு தொடைக்கு ஏறி, அப்புறம் பன்றித் தொடைக் கறிக்கும் பெயரானது. 'ஸ்ட்ரிங்' என்பது கயிறு. நாற்காலியில் உட்கார்ந்து குதிகாலைத் தரையில் ஊன்றிப் பின்னால் இழுத்துப் பாருங்கள். முழங்கால் மடிப்பின் இரு ஓரத்திலும் விறைத்த கயிறுகள் கையில் தட்டுப்படும். முதலில் அந்தக் கயிறுகளுக்குத்தான் பெயர். அவற்றை இழுக்கும் மூன்று தசைகளுக்கு அது வந்தது பிற்பாடு.

அந்தக் காலத்துக்கு 'நரம்பு' தப்பான சொல்லே இல்லை. யாழின் தந்தியும் நரம்புதான். தமிழ் விவிலியத்தில் யோசுவா எதிரிகளின் குதிரைகளுக்குக் குதிகால் நரம்புகளை அறுப்பதும் இந்தப் பொருளில்தான். ஆனால் இன்று நரம்பு என்றால் மூளையிலிருந்து சேதி கொண்டுபோவது. எனவே கயிற்றுக்கு 'தசைநாண்' பொருத்தம்; வில்லின் நாணை நினைத்தால் போதும். தசைக்கு 'பின்தொடைத் தசை'. 'தொடையில் காயம்' மட்டும் போதாது, அது முன்தொடையாகவும் இருக்கலாம்.

'இழுத்துக்கிச்சு' என்பதிலும் ஒரு சிக்கல். பிடிப்பு என்றால் தசை சுருண்டு இறுகுவது. நீட்டிவிட்டால் கொஞ்ச நேரத்தில் விட்டுவிடும். கிழிசல் வேறு. முழு வேகத்தில் கால் முன்னால் வீசப்பட்டு, பாதம் தரையைத் தொடப்போகும் நொடியில் இந்தத் தசை நீண்டுகொண்டே பிரேக் போடுகிறது. அப்போதுதான் பெரும்பாலும் இழைகள் அறும். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் 400 மீட்டர் அரையிறுதியில் பிரிட்டன் வீரர் டெரெக் ரெட்மண்டுக்கு நடந்தது இதுதான். தடத்துக்குள் ஓடிவந்த அப்பாவின் தோளைப் பிடித்து நொண்டியபடியே கோட்டைத் தாண்டினார்.

கிழிசலில் நம்மாட்கள் உடனே செய்வது எண்ணெய் போட்டு நீவுவது. முதல் இரண்டு மூன்று நாள் அது வேண்டவே வேண்டாம், உள்ளே ரத்தக்கசிவு கூடும். ஓட்டத்தை நிறுத்தி, துணியில் சுற்றிய ஐஸை 10, 15 நிமிடம் வைத்து, கட்டுப் போடலாம். 'படக்' என்று சத்தம் கேட்டிருந்தாலோ, பெரிதாகக் கன்றியிருந்தாலோ, காலை ஊன்ற முடியாவிட்டாலோ டாக்டரிடம் போய்விடுங்கள். வலி போனதும் முழு வேகத்தில் ஓடுபவருக்குத்தான் அதே இடம் மறுபடி கிழிகிறது.

தடுக்க, 'நார்டிக்' பயிற்சியை நான் எல்லோருக்கும் சொல்வேன். முட்டி போட்டு நிமிர்ந்து நில்லுங்கள், ஒருவர் கணுக்கால்களை அழுத்திப் பிடிக்கட்டும், உடம்பை வளைக்காமல் மெதுவாக முன்னால் சாயுங்கள். பாதி தூரம் போவதற்குள் பின்தொடை நடுங்கி, கை தானாகத் தரையில் ஊன்றிவிடும். ஹாம்ஸ்ட்ரிங் எங்கே இருக்கிறது என்று அப்புறம் யாரும் கேட்பதில்லை.