இருட்டிலேயே பழகும் கண்

ஈ தலைக்கு மேலே பறக்கிறது. தவளை நாக்கை வீசுகிறது, கீழே, தரையைப் பார்த்து. போகப்போகத் திருத்திக்கொள்ளும் என்று காத்திருந்தால், கடைசிவரை அது திருந்தவே இல்லை.

1940-களில் அமெரிக்காவில் ரோஜர் ஸ்பெர்ரி என்ற நரம்பியல் ஆய்வாளர் செய்த சோதனை இது. தவளையின் பார்வை நரம்பை அறுத்து, கண்ணைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். தவளைக்கு அறுந்த பார்வை நரம்பு மறுபடி வளரும். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வளர்ந்த நரம்பு இழைகள் மூளையில் தங்கள் பழைய இடங்களையே தேடிப்போய் ஒட்டிக்கொண்டன. ஒவ்வொரு இழையும் விலாசத்தோடுதான் கிளம்புகிறது என்ற முடிவுக்கு வந்தார் ஸ்பெர்ரி. விலாசம் ஏதோ வேதிப்பொருளில் இருக்க வேண்டும் என்றும் கணித்தார்.

வளரும் இழையின் நுனியை நுண்ணோக்கியில் பார்த்தால் விரித்த கை மாதிரி இருக்கும். விரல்களை நீட்டி நீட்டித் தடவிக்கொண்டே நகரும். அது தடவிப் பார்க்கும் பொருள்களில் ஒன்று எஃப்ரின் என்ற புரதம். தவளை, கோழி போன்றவற்றில் பார்வை இழைகள் போய்ச் சேரும் மூளைப் பரப்பின் பின்பக்கம் இது அடர்த்தியாகவும், முன்பக்கம் குறைவாகவும் இருக்கும். விழித்திரையின் ஒரு ஓரத்து இழைகளுக்கு எஃப்ரின் ஆகாது. தொட்டதும் சுருங்கி, முன்பக்கமே தங்கிவிடும். எதிர் ஓரத்து இழைகள் சகித்துக்கொண்டு பின்னால் வரை போகும். விழித்திரையின் வரிசை குலையாமல் மூளையில் பதிவது இப்படித்தான். எஃப்ரினின் இந்த வேலை 1995-ல் தெரியவந்தது. ஸ்பெர்ரி அதற்கு முந்தைய வருடம்தான் இறந்துபோயிருந்தார்.

சரி, மனிதரின் ஒரு கண்ணிலிருந்து சுமார் 10 லட்சம் இழைகள் கிளம்புகின்றன. விலாசம் தெருவரை கொண்டுவிடும். வீட்டைக் கண்டுபிடிக்கப் பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கம் வெளிச்சத்துக்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறது என்பதுதான் எனக்கு இன்றும் தீராத வியப்பு. கண் திறக்காத ஃபெரெட் (கீரி மாதிரி ஒரு சிறு விலங்கு) குட்டிகளின் விழித்திரையில் கார்லா ஷாட்ஸ் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் 1991-ல் அதைப் பதிவு செய்தார்கள். நெல்வயலில் காற்று ஓடுவதுபோல, பக்கத்துப் பக்கத்துச் செல்கள் சேர்ந்து துடிக்கும் மின் அலை விழித்திரையில் ஓடுகிறது. ஒன்றாகத் துடிக்கும் இழைகளின் இணைப்பு இறுகும், சேராதது தளர்ந்து உதிரும். இரண்டு கண்ணிலும் அலை வேறுவேறு நேரத்தில் எழுவதால், மூளையில் இரண்டுக்கும் தனித்தனி அடுக்குகள் பிரிகின்றன.

பிறந்தபின் நிஜ வெளிச்சம் இந்த வேலையை ஏற்கிறது. 1960-களில் ஹியூபல், வீசல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பூனைக்குட்டியின் ஒரு கண் இமையைத் தைத்து, சுமார் மூன்று மாதம் கழித்துப் பிரித்தார்கள். கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. ஆனால் மூளையில் அதன் இடத்தை மற்றக் கண் எடுத்துக்கொண்டிருந்தது. வளர்ந்த பூனைக்கு இதையே செய்தபோது எதுவும் மாறவில்லை.

பெரியவர்களுக்கு வரும் கண்புரையைச் சில வருடம் கழித்து எடுத்தாலும் பெரும்பாலும் பார்வை திரும்புகிறது. ஒரு கண்ணில் அடர்ந்த புரையோடு பிறக்கும் குழந்தைக்கு அந்த அவகாசம் கிடையாது. பிறந்த சில வாரங்களிலேயே அறுவை சிகிச்சை செய்கிறார்கள். அப்புறம் நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் ஒட்டி மூடச் சொல்கிறார்கள். குழந்தை அழும், ஒட்டியதைப் பிய்த்துப் போடும், அம்மா மறுபடி ஒட்டுவார். அந்தச் சில மணி நேரத்தில்தான் பலவீனமான கண்ணின் இழைகள் மூளையில் இடம் பிடிக்கின்றன.