ஹாலோவீன்: வயதோடு மாறும் ஒரு சொல்

அக்டோபர் 31 நெருங்கும்போதெல்லாம் தமிழ்ச் செய்திகளில் ‘பேய்த் திருவிழா’ என்ற தலைப்பைப் பார்க்கிறோம். ஹாலோவீன் என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தால் அதில் பேய் அகப்படாது. அகப்படுபவர்கள் புனிதர்கள்.

பழைய ஆங்கிலத்தில் ‘ஹால்கா’ என்றால் புனிதர். அதுவே பின்னாளில் ‘ஹாலோ’ ஆயிற்று. இயேசு கற்பித்த செபத்தில் நாம் ‘உமது நாமம் பரிசுத்தப்படுவதாக’ என்னும் இடத்தில், ஆங்கிலத்தில் இன்றும் இந்தச் சொல்லின் வினை வடிவம்தான் வருகிறது. பின்பாதியான ‘ஈன்’ மாலையைக் குறிக்கும் ‘ஈவன்’ என்பதன் ஸ்காட்லாந்துக் குறுக்கம். நவம்பர் 1 எல்லாப் புனிதர்களுக்குமான திருநாள். பெருவிழா முந்தைய நாள் மாலையிலேயே தொடங்கிவிடும் என்பது திருச்சபை வழக்கம். அதனால் அக்டோபர் 31 மாலைக்கு இந்தப் பெயர்.

9ஆம் நூற்றாண்டில் திருத்தந்தை நான்காம் கிரகோரி காலத்தில் நவம்பர் 1 பரவலாக நிலைபெற்றது. அயர்லாந்தில் அதே நாளில், குளிர்காலத் தொடக்கமாக ‘சௌவின்’ என்ற பழைய விழா இருந்தது. ஐரிஷ் மொழியில் நவம்பர் மாதத்துக்கே இன்றும் அதுதான் பெயர். பிறகு நவம்பர் 2 இறந்த ஆன்மாக்களின் நாளாகச் சேர்ந்துகொள்ள, அந்தச் சில நாள்களும் மாண்டவர்களை நினைக்கும் காலமாயின. இங்கிலாந்தில் ஏழைகளும் சிறுவர்களும் வீடு வீடாகப் போய்ச் சிறு அப்பம் வாங்கிக்கொண்டு, அந்த வீட்டில் இறந்தவர்களுக்காகச் செபித்தார்கள்.

இந்தச் சொல்லில் என்னை மிகவும் ஈர்ப்பது இனிமேல்தான். அமெரிக்காவிலோ கனடாவிலோ வளரும் ஒருவர், ஹாலோவீனின் வரலாற்றைக் கடைசியிலிருந்து முதலுக்கு நடந்து கடக்கிறார்.

ஐந்து வயதில் கிடைக்கும் பொருள்தான் எல்லாவற்றிலும் புதியது. வேடம், பூசணி விளக்கு, ‘ட்ரிக் ஆர் ட்ரீட்’ என்று கூவி வாங்கும் மிட்டாய். அந்தக் கூவல் கனடாவில் முதலில் பதிவாகி நூறு ஆண்டுகளுக்குச் சற்றே கூடுதலாகிறது. அமெரிக்காவில் போர்க்காலச் சர்க்கரைப் பங்கீடு 1947இல் முடிந்த பிறகுதான் மிட்டாய் பெருகியது. பூசணியும் அமெரிக்க வரவுதான். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் டர்னிப் கிழங்கைக் குடைந்துதான் விளக்கு வைத்தார்கள்.

பதின்ம வயதில் பொருள் குழம்புகிறது. மிட்டாய் வேண்டும், ஆனால் கதவைத் தட்டக் கூச்சம். ஊராருக்கும் அந்தக் குழப்பம் உண்டு. வர்ஜீனியாவின் செசபீக் நகரில் 12 வயதைத் தாண்டியவர்கள் மிட்டாய் கேட்டுப் போகக் கூடாது என்று, சிறைத்தண்டனையோடு ஒரு சட்டமே இருந்தது. 2019இல்தான் வயதை உயர்த்திச் சிறையை நீக்கினார்கள். இளையோரை இப்படி வெளியே நிறுத்துவது எனக்கு நியாயமாகப் படவில்லை, ஏனென்றால் ஒரு காலத்தில் அந்த இரவு அவர்களுடையதாகத்தான் இருந்தது. ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1785இல் இதே பெயரில் எழுதிய கவிதையில் வருவோர் காதல் குறி பார்க்கும் இளைஞர்களும் பெண்களும். கண்ணை மூடிக்கொண்டு கீரைத்தண்டைப் பிடுங்குவார்கள். தண்டு நேராக இருந்தால் வரப்போகும் துணையும் அப்படி. வேரில் மண் ஒட்டியிருந்தால் சீர் நிறைய வரும். இரண்டு கொட்டைகளுக்குக் காதலர் பெயரிட்டு நெருப்பில் போடுவார்கள். சேர்ந்து எரிந்தால் கல்யாணம், தெறித்து விலகினால் பிரிவு.

பெற்றோரானதும் ஹாலோவீன் காவல் வேலையாகிறது. பிள்ளையின் பையைக் கொட்டி ஒவ்வொரு மிட்டாயையும் சோதிக்கிறார்கள். சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட் பல பத்தாண்டுகளின் செய்திகளைத் தேடியும், முன்பின் தெரியாதவர் கொடுத்த ஹாலோவீன் மிட்டாயால் குழந்தை இறந்ததாக உறுதியான சம்பவம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஆனாலும் அச்சம் போகவில்லை.

முதுமையில் பெற்றோரும் நண்பர்களும் போன பிறகு, பலருக்கு அந்த வாரம் கல்லறைக்குப் பூ கொண்டுபோகும் வாரமாகிறது. இதுதான் இடைக்காலத் திருச்சபை அறிந்த பொருள். நவம்பர் 2இல் கல்லறையைச் சுத்தம் செய்து மெழுகுவத்தி ஏற்றும் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் தமிழில் என்ன சொல்வது? ‘பேய்த் திருவிழா’ குழந்தைப் பருவப் பொருளை மட்டும், அதுவும் அரைகுறையாகச் சொல்கிறது. ‘கல்லறைத் திருநாள்’ என்பது பிழை. அது இரண்டு நாள் கழித்து வருவது. நவம்பர் 1க்குத் தமிழ்த் திருச்சபையில் ‘புனிதர் அனைவர் பெருவிழா’ என்று பெயர் இருக்கிறது. பெருவிழாவுக்கு முந்தைய இரவு வழிபாட்டுக்குத் ‘திருவிழிப்பு’ என்ற அழகான சொல்லும் உண்டு. ஆகவே மூலப் பொருளுக்கு ‘புனிதர் அனைவர் திருவிழிப்பு’ என்பதே பொருத்தம். வேடமும் மிட்டாயுமான இன்றைய கொண்டாட்டத்தைச் சொல்லும்போது, புலம்பெயர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் சொல்வதுபோல் ‘ஹாலோவீன்’ என்றே எழுதலாம்.