பிரிஜ்ஜுக்குக் குளிரூட்டி என்று பெயர் வைக்காதீர்கள்

இலங்கை மலையகத்தில், ஹட்டனிலோ நுவரெலியாவிலோ ஒரு மின்சாமான் கடையின் விளம்பரத் துண்டைக் கையில் எடுத்தால் போதும். 'இரு கதவுக் குளிரூட்டி', 'குளிரூட்டிகளுக்கு விசேட கழிவு', 'பழைய குளிரூட்டியைக் கொடுத்துப் புதியதைப் பெற்றுக்கொள்ளுங்கள்'. படத்தில் நிற்பது பிரிஜ். ரேடியோ விளம்பரத்திலும் அதே சொல். தோட்டத்திலோ டவுனிலோ 'குளிரூட்டியில மீன் இருக்கு' என்று ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. பேச்சில் இல்லாத சொல் எழுத்தில் வருவதைக் குற்றம் என்று சொல்லமாட்டேன். தமிழில் எத்தனையோ சொற்கள் முதலில் எழுத்தில் வந்து பிறகு வாய்க்குப் பழகியவைதான். குளிரூட்டியின் குற்றம் வேறு. அது ஏற்கெனவே வேறு பொருள்களுக்கு வேலை செய்துகொண்டிருக்கும் சொல்.

முதலில் பிரிஜ் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம். இலத்தீனில் 'ஃப்ரிகுஸ்' என்றால் குளிர். அதிலிருந்து வந்தது ரெஃப்ரிஜரேட்டர். அமெரிக்காவின் மேரிலாந்தில் தாமஸ் மூர் என்ற விவசாயி, வெண்ணெய் உருகாமல் சந்தைக்குக் கொண்டுபோக ஐஸ் வைத்த ஒரு மரப்பெட்டி செய்து, 1803ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அந்தப் பெட்டிக்கு அவர் வைத்த பெயர்தான் ரெஃப்ரிஜரேட்டர். மின்சாரமும் இல்லை, மோட்டாரும் இல்லை. சுருக்கமான 'ஃபிரிட்ஜ்' 1920களில்தான் ஆங்கிலத்தில் தலைகாட்டுகிறது. நம் மலைப்பக்கத்தில் அது இன்னும் தேய்ந்து 'பிரிஜ்' ஆகிவிட்டது.

இங்கே அடிக்கடி ஒரு வாதம் வரும்: 'பிரிஜ் என்பது கம்பனிப் பெயர், அதை எழுத்தில் பயன்படுத்தக் கூடாது.' இதில் பாதிதான் உண்மை. அந்தக் கம்பனி ஃப்ரிஜிடேர். இண்டியானா மாநிலத்தின் ஃபோர்ட் வெய்ன் நகரில் ஆல்ஃபிரட் மெல்லோஸ் என்பவர் வீட்டில் வைக்கத்தக்க மின் ரெஃப்ரிஜரேட்டர் ஒன்றைச் செய்தார். அதை விற்பதற்காக 1916ல் தொடங்கிய கம்பனியின் பெயர் கார்டியன் ஃப்ரிஜரேட்டர். ஒவ்வொரு பெட்டியாகக் கையால் செய்ததால் வியாபாரம் தேறவில்லை. ஜெனரல் மோட்டர்ஸின் தலைவராக இருந்த வில்லியம் டூரண்ட் 1918ல் தன் சொந்தப் பணத்தில் அதை வாங்கினார். ஃப்ரிஜிடேர் என்ற பெயர் அப்போது வந்தது. 1919ல் அது ஜெனரல் மோட்டர்ஸுக்குள் போனது. கார் செய்கிற கம்பனி பிரிஜ் செய்ததா என்று கேட்பவர்கள் உண்டு. அறுபது வருடம் செய்தது. 1979ல்தான் வைட் கன்சாலிடேட்டட் என்ற கம்பனிக்கு விற்றது. 1986ல் சுவீடனின் எலெக்ட்ரோலக்ஸ் அந்தக் கம்பனியையே வாங்கிக்கொண்டது. இன்றும் ஃப்ரிஜிடேர் எலெக்ட்ரோலக்ஸின் பிராண்டுதான்.

பிரெஞ்சுக்காரர்கள் எந்தக் கம்பனிப் பெட்டியையும் ஃப்ரிஜிடேர் என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். ஆங்கில ஃபிரிட்ஜின் கதை அப்படியல்ல. அது ரெஃப்ரிஜரேட்டர் என்ற பொதுச்சொல்லின் நடுத்துண்டு. ஊரெல்லாம் கேட்ட ஃப்ரிஜிடேர் என்ற பெயர் அந்தத் துண்டு நிலைக்கத் துணைசெய்திருக்கலாம், அவ்வளவே. ஆகவே பிரிட்ஜ் என்று எழுதுகிறவர் எந்தக் கம்பனிக்கும் விளம்பரம் செய்யவில்லை. காம்பரா, அலுமாரி, மேசை, ஜன்னல் எல்லாம் போர்த்துக்கீசரிடமிருந்து வந்தவை. தோட்டத்து வரிசை வீடான லயத்தின் காம்பராவுக்குள் அலுமாரிக்குப் பக்கத்தில் பிரிஜ் நிற்கலாம். பேச்சில் அதை விரட்டவேண்டும் என்று நான் சொல்லவே இல்லை.

நம் நாட்டிலேயே ஒரு பெயர்க் கதை இருக்கிறது. சிங்கர் 1877ல் கொழும்பு புறக்கோட்டையில் தையல் மெஷின் விற்கக் கடை திறந்த கம்பனி. பிரிஜ் செய்வதற்கு அதன் குழுமத்தில் 1987ல் தொடங்கிய கம்பனியின் பெயர் ரெக்னிஸ். ஆங்கில எழுத்தில் சிங்கரைத் திருப்பி எழுதினால் ரெக்னிஸ். தொழிற்சாலை இரத்மலானையில். சிங்கர் பெயரிலும் சிசில் பெயரிலும் அங்கிருந்து வந்த பெட்டிகள் மலையகத்தில் எத்தனையோ வீடுகளில் நிற்கின்றன. சிங்களத்தில் 'சிசில்' என்றால் குளிர்ச்சி. படிக்காத பாட்டிக்கும் விளங்கும் சொல், சின்னது, சொன்னதும் உடம்பில் படுகிறது. பெயர் வைப்பது என்றால் அப்படி வைக்கவேண்டும். தமிழ் மொழிபெயர்ப்பாளருக்குக் குளிர், தண், சில், பனி என்று இத்தனை சின்னச் சொற்கள் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கும்போது, ஏன் குளிரூட்டி?

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன். உண் என்பதிலிருந்து வருவது ஊட்டு. தாய் சோறூட்டுகிறாள். முலையூட்டி என்று பாடப் புத்தகத்தில் படிக்கிறோம். நிறமூட்டி, சுவையூட்டி, மணமூட்டி எல்லாமே தன்னிடம் இருப்பதை இன்னொன்றுக்குள் சேர்ப்பவை. பிரிஜ் எதையும் சேர்ப்பதில்லை. உள்ளே இருக்கும் குழாயில் ஒரு திரவம் ஆவியாகும்போது பாலிலும் மரக்கறியிலும் இருக்கும் சூட்டை உறிஞ்சுகிறது. கம்ப்ரெசர் அந்த ஆவியை அமுக்கிப் பின்பக்கக் குழாய்க்குத் தள்ளுகிறது. அங்கே அது மறுபடி திரவமாகி, கொண்டுவந்த சூட்டை வெளியே விடுகிறது. ஆடி மாத மழையில் பத்து நாள் வெயில் காணாத வீட்டில், பழைய பிரிஜ்ஜின் முதுகில் இருக்கும் கறுப்புக் கம்பிவலையில் பிள்ளைகளின் ஸ்கூல் காலுறையைத் தொங்கவிட்டுக் காயவைக்காத தாய் இங்கே உண்டா? புது மொடல்களில் அந்தக் குழாய் பக்கத் தகட்டுக்குள் ஒளிந்திருக்கிறது. கையை வைத்துப் பாருங்கள், இளஞ்சூடு தெரியும். அது வெளியே எடுத்துவிடுகிற பெட்டி. ஊட்டுகிற பெட்டி என்பது தலைகீழ்.

மொழி பௌதிகப் பாடம் இல்லை, சூரியன் உதிக்கிறது என்று சொல்லவில்லையா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. தண்ணீர் என்றாலே குளிர்ந்த நீர்தான். ஆனாலும் காலையில் எழுந்ததும் சுடுதண்ணி போடுகிறோம், யாருக்கும் குழப்பமில்லை. குளிரூட்டி ஒரே ஒரு பொருளுக்கு மட்டும் பெயராக இருந்திருந்தால் ஊட்டுவதையும் உறிஞ்சுவதையும் பற்றி நான் இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன்.

நம் நாட்டில் குளிரூட்டி என்றால் முதலில் ஏசி. கொழும்புக்குப் போகும் 'குளிரூட்டப்பட்ட பஸ்' பிரிஜ் வைத்த பஸ் இல்லை. 'குளிரூட்டப்பட்ட மண்டபம்' என்று கல்யாணக் கார்டில் போட்டால் எல்லோருக்கும் ஏசிதான் விளங்கும். அடுத்தது வாகன ரேடியேட்டருக்குள் ஊற்றும் கூலண்ட்; அந்தப் போத்தலிலும் குளிரூட்டி என்று அச்சிட்டிருக்கிறார்கள். மூன்றாவதாக, பிரிஜ் குழாய்க்குள் ஓடும் கேஸ். அதையும் மொழிபெயர்ப்பாளர்கள் குளிரூட்டி என்றே எழுதுகிறார்கள். பெட்டிக்கும் அதே பெயர், பெட்டிக்குள் ஓடுகிற கேஸுக்கும் அதே பெயர் என்றால் வாசிப்பவர் எதைப் பிடிப்பார்?

இதனால் நட்டப்பட்ட ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஓர் அக்கா, மாதத் தவணையில் பிரிஜ் எடுத்தார். கம்பனியின் பெயர் இங்கே வேண்டாம். கம்ப்ரெசர் நின்றுபோனதும் மகன் வாரண்டி கார்டை வாசித்தான். தமிழில் இப்படி இருந்தது: 'குளிரூட்டி இவ்வுத்தரவாதத்தில் உள்ளடங்காது.' குளிரூட்டி என்றால் பிரிஜ் என்று விளம்பரத் துண்டு அவனுக்குப் படித்துக்கொடுத்திருக்கிறது. ஆகவே பெட்டிக்கே வாரண்டி இல்லை என்று முடிவுசெய்து, டவுனில் இருந்து பிரிஜ் திருத்தும் பாஸைக் கூப்பிட்டுச் சொந்தக் காசில் கம்ப்ரெசர் மாற்றினார்கள். பிறகுதான் அக்கா கார்டைக் கொண்டுவந்து, 'தம்பி, காசு கட்டி வாங்குன சாமானுக்கு வாரண்டியே இல்லைன்னு போட்டிருக்காங்களே, இது சரியா?' என்று கேட்டார். ஆங்கிலப் பக்கத்தைப் பார்த்தேன். வாரண்டி இல்லாதது கேஸுக்கு மட்டும். கம்ப்ரெசருக்குப் பத்து வருடம். அந்த வரியில் 'குளிர்பதன வாயு' என்று போட்டிருந்தால் ஒரு மாதச் சம்பளம் மிஞ்சியிருக்கும்.

அதே கார்டின் சிங்களப் பக்கத்தில் இந்தக் குழப்பம் இல்லை. பிரிஜ்ஜுக்கு 'ஷீதகரணய', ஏசிக்கு 'வாயு சமீகரண யந்த்ரய' என்று சிங்களத்தில் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். சொற்கள் நீளம், வடமொழிதான். ஆனாலும் ஒன்றோடொன்று முட்டுவதில்லை. நமக்கும் ஏசிக்கு 'வளிச்சீராக்கி' என்ற நல்ல சொல் பாடப் புத்தகத்திலும் அரசாங்க ஆவணத்திலும் இருக்கத்தான் செய்கிறது. வளியைச் சீராக்குவது, குளிரையும் ஈரத்தையும் சேர்த்தே குறிக்கிறது. அதை விட்டுவிட்டு ஏன் எல்லாவற்றையும் குளிரூட்டிக்குள் தள்ளுகிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

மாற்றாகச் சொல்லப்படுகிறவற்றில் 'குளிரேற்றி' பாடப் புத்தகச் சொல். ஊட்டுக்குப் பதில் ஏற்று, குறை அதேதான். 'குளிர்சாதனப் பெட்டி' தமிழ்நாட்டுப் பத்திரிகைகளிலிருந்து வந்து இங்கும் பரவியது. மோசமில்லை, விளங்குகிறது. ஆனால் சாதனம் அங்கே என்ன செய்கிறது? பெட்டி என்று சொன்ன பிறகு சாதனம் என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை. அங்கே 'குளிர்சாதனப் பேருந்து' என்று ஏசி பஸ்ஸையும் சொல்வதால் பழைய முட்டல் மறுபடி வந்துவிடுகிறது. 'குளிர்பதனப் பெட்டி'யில் எனக்கு மதிப்பு அதிகம். பதனம் என்றால் கெடாமல் பேணுதல். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரம். தை மாதத்தில் புல்லின் மேல் துகள் உறைபனி படிகிற ஊர். அந்த ஊரிலும் பிரிஜ் வாங்குவது குளிருக்காக இல்லை, பால் திரியாமல் இருக்கத்தான். அந்தப் பேணுதலைச் சொல்கிற ஒரே சொல் இது. தொழில்நுட்பத்துக்குக் குளிர்பதனம் என்றே வைத்துக்கொள்ளலாம், கேஸுக்குக் குளிர்பதன வாயு என்றும் எழுதலாம். வீட்டுச் சமையலறைக்குத்தான் அது நீளம்.

சமையலறைக்குக் குளிர்பெட்டி போதும். இதில் ஒற்று விஷயம் முக்கியம். பலர் 'குளிர்ப்பெட்டி' என்று ப் போட்டு எழுதுகிறார்கள். ப் போட்டால் குளிர் பெயர்ச்சொல்லாகி, 'குளிரை உண்டாக்கும் பெட்டி' என்று விரியும். ஊட்டுகிற கதைக்கே திரும்பிப் போகிறோம். ஒற்று இல்லாமல் எழுதினால் வினைத்தொகை: குளிர்ந்த பெட்டி, குளிர்கிற பெட்டி, குளிரும் பெட்டி. முக்காலத்துக்கும் பொருந்தும், யார் குளிரவைத்தார் என்ற கேள்வியே எழாது. குளிர்பானம் என்று கடைப் பலகையில் ஒற்றில்லாமல் எழுதிப் பழகிய கைக்கு இது புதிதும் இல்லை. ஐஸ்கிரீம் கடைகளில் நிற்கும் டீப் ஃப்ரீசருக்கு இதே முறையில் உறைபெட்டி என்று எழுதலாம். தனியாக நின்றால் சிலருக்குக் கடித உறை ஞாபகம் வரும். மீனோ ஐஸோ பக்கத்தில் இருந்தால் அந்தச் சந்தேகம் வராது.

மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்குப் பெரிய வருத்தம் உண்டு. கொழும்பில் உட்கார்ந்து, ஆங்கிலச் சொல்லைக் கணினியில் போட்டு, முதலில் வருவதை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். அந்தத் தாள் பூண்டுலோயாவிலோ அக்கரப்பத்தனையிலோ ஒருவர் கையில் காசு சம்பந்தப்பட்ட தாளாக வந்து சேரும் என்ற நினைப்பு இருப்பதாகத் தெரியவில்லை. 'உள்ளடங்காது', 'மேற்குறிப்பிடப்பட்ட', 'ஏற்புடையதாகும்' என்று எழுதுகிறவர்கள் தங்கள் வீட்டில் அப்படிப் பேசுகிறார்களா? தோட்டத்துத் தமிழருக்கு இந்த நாட்டில் தமிழில் ஒரு தாள் கிடைப்பதே பெரிய பாடு. கிடைத்த தாளும் விளங்காவிட்டால், மறுபடி யாராவது ஆங்கிலம் தெரிந்தவரின் வீட்டு வாசலில்தான் நிற்கவேண்டியிருக்கிறது.

கார்ட் அச்சடிப்பவர்கள் குளிர்பெட்டி என்று போடத் தயங்கினால் பிரிட்ஜ் என்றே போடட்டும், கேஸுக்குக் கேஸ் என்றே போடட்டும். பாஸும் அப்படித்தான் சொல்கிறார், 'கேஸ் இறங்கிருச்சு, அடிக்கணும்' என்று. குளிரூட்டி ஏசிக்கே இருக்கட்டும்.