ரைம் என்றால் எதுகை இல்லை, இயைபு

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அண்ணன் மகள் முதல் குறளைக் காட்டி, "சித்தப்பா, இதில் எதுகையே இல்லையே" என்றாள். அவள் விரல் அடிகளின் கடைசியில் இருந்தது: ஆதி, உலகு. அவள் படித்திருந்த கவிதை நயக் கட்டுரை ஒன்று, ஆங்கில ரைமை 'எதுகை' என்று பெயர்த்திருந்தது. எத்தனையாவது முறையாக இதைப் பார்க்கிறேன் என்று கணக்கில்லை.

விரலை அடிகளின் தொடக்கத்துக்கு நகர்த்தினேன். அகர, பகவன். இரண்டிலும் இரண்டாம் எழுத்து 'க'. முதல் எழுத்துகள் இரண்டும் குறில். இதுதான் எதுகை. முதல் எழுத்தின் அளவு மாறினால் எதுகை கெட்டுவிடும். பட்டுக்குக் கட்டு எதுகை, பாட்டு ஆகாது.

ரைம் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். பெரும்பாலும் அடி இறுதிகளின் ஒலி ஒப்புமையைக் குறிக்கும். 1806இல் வெளிவந்த ஜேன் டெய்லரின் ட்விங்கிள் பாட்டில் ஸ்டார்–ஆர், ஹை–ஸ்கை. இதற்குத் தொல்காப்பியத்திலேயே பெயர் இருக்கிறது: "இறுவாய் ஒன்றல் இயைபின் யாப்பே". அதாவது, இறுதி ஒன்றி வருவது இயைபு. இயைதல் என்றால் பொருந்துதல். அதற்கு மேல் என்ன வேண்டும்?

'தமிழ்ப் பாட்டைத் தாங்குவது எதுகை, ஆங்கிலப் பாட்டைத் தாங்குவது ரைம், ஆகவே இரண்டும் சமம்' என்கிறார்கள். வேலை ஒன்றாக இருக்கலாம், இடம் வேறு. தொடையில், அதாவது ஒலிகள் ஒன்றிவரத் தொடுப்பதில், இடம்தானே இலக்கணம்! முதல் எழுத்து ஒன்றினால் மோனை, இரண்டாவது ஒன்றினால் எதுகை, இறுதி ஒன்றினால் இயைபு. இடத்தை எடுத்துவிட்டால் மூன்றுக்கும் வேறுபாடே இல்லை. 'சரி, இறுதி எதுகை என்று வைத்துக்கொள்ளலாமே' என்பவர்களும் உண்டு. இரண்டாம் எழுத்துக்கான பெயரை இறுதியில் கொண்டுபோய் ஒட்டுவது எப்படிப் பொருந்தும்?

பாரதியின் பாப்பா பாட்டைப் பாருங்கள்.

ஓடி விளையாடு பாப்பா – நீ ஓய்ந்திருக்கலாகாது பாப்பா
கூடி விளையாடு பாப்பா – ஒரு குழந்தையை வையாதே பாப்பா

ஓடி–ஓய்ந்து மோனை. ஓடி–கூடி எதுகை. இரண்டு வரியும் பாப்பாவில் முடிவது இயைபு. இறுதி எழுத்து மட்டுமல்ல, சொல்லே திரும்ப வந்தாலும் இயைபுதான். மூன்றும் சேர்ந்து நிற்கும் இந்தப் பாட்டை, இரண்டு பெயர் மட்டும் தெரிந்த பிள்ளை எப்படி விளக்கும்? மேடையிலும் டிவியிலும் எது ஒலித்தாலும் 'எதுகை மோனை' என்கிறார்கள். பேச்சில் போகட்டும். யாப்பைப் பற்றியே எழுதுகிறவர்கள், அதிலும் மொழிபெயர்ப்பாளர்கள், அப்படி எழுதுவதைத்தான் தாங்க முடியவில்லை. முதலில் கிடைத்த சொல்லைப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். நம்மிடம் இருக்கும் சொல் சும்மா கிடக்கிறது.

எந்த அடி எதனோடு ரைம் ஆகிறது என்று காட்டும் ரைம் ஸ்கீமை 'எதுகைத் திட்டம்' ஆக்காமல் 'இயைபு அமைப்பு' என்று எழுதலாம். அடிக்குள்ளேயே வரும் ரைமுக்கும் நெருங்கிய பெயர் உண்டு: சீர் இயைபு. சீர் என்பது அடியின் உறுப்பு. மோனை எதுகையை முதற்சீரிலிருந்து எண்ணுவோம், இயைபை மட்டும் கடைசிச் சீரிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும்.