'பின்னடைவுச் சோதனை' வெற்றியாம்!

"பின்னடைவுச் சோதனை வெற்றிகரமாக முடிந்தது." ஒரு செயலியின் சோதனை அறிக்கையை யாரோ தமிழாக்கியதில் கண்ட வரி. பக்கத்திலிருந்த புதுப் பையன் படித்துவிட்டு, "அண்ணே, பின்னடைவுன்னா நமக்கு ஏதும் சிக்கலா?" என்றான். தேர்தல் முடிவு நாளில் டிவியில் கேட்ட சொல் அவனுக்கு வேறு எப்படிப் புரியும்?

மூலச் சொல் ரெக்ரஷன். லத்தீனில் 'ரே' என்றால் பின்னால், 'கிராடி' என்றால் அடியெடுத்து வைத்தல். பின்னே போதல், அவ்வளவுதான்.

சோதனைக்காரர்கள் வாயில் அதன் பொருளே வேறு. நேற்றுவரை ஓடியது புதுப் பதிப்பில் ஓடவில்லை என்றால் அது ரெக்ரஷன். உள்நுழையும் பக்கத்தில் ஓடிபி பெட்டி சேர்க்கிறோம். சின்னத் திரை போனில் விசைப்பலகை எழும்பி 'மொழியை மாற்று' பொத்தானை மூடிவிடுகிறது. ஓடிபி வருகிறதா என்று பார்த்தவர் கண்ணில் இது படாது. செயலியைத் தானாக இயக்கிச் சோதிக்கும் ஆப்பியம் போன்ற கருவிகள் இதற்குத்தான். நாம் எழுதிய கட்டளைகளை வாங்கி, ஆண்ட்ராய்டில் யூஐஆட்டோமேட்டர், ஐபோனில் எக்ஸ்சியூஐடெஸ்ட் என்ற அந்தந்த போனுக்கான சோதனைக் கருவிகள் மூலம் ஆப்பியம் போனை இயக்கும். பொத்தானை ஐடி, அதாவது நிரலில் அதற்கு வைத்த அடையாளப் பெயர், வைத்துத் தேடும், தட்டும். மொழி மாறியதா என்று அடுத்த கட்டளை சரிபார்க்கும். ஒவ்வொரு பதிப்புக்கும் பழைய சோதனைகள் இப்படித் திரும்ப ஓடும். இதுதான் ரெக்ரஷன் டெஸ்ட்.

திரும்ப ஓடுவதால் 'மீள்சோதனை' என்கிறது இன்னொரு கட்சி. அது ரீடெஸ்ட் ஐயா! சரிசெய்த வழு ஒழிந்ததா என்று அதே இடத்தைப் பார்ப்பது ரீடெஸ்ட். வாஷர் மாற்றிய குழாய் இன்னும் சொட்டுகிறதா என்று பார்ப்பது ஒரு வேலை. அந்தக் கையோடு மாடிக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பது வேறு வேலை. 'பின்னோக்குச் சோதனை' என்றும் ஒன்று உலவுகிறது. வண்டிக் கண்ணாடிக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளட்டும்.

நான் சொல்வது 'கெடாமைச் சோதனை'. கொல்லாமை, பொய்யாமை போல நமக்குப் பழகிய வார்ப்பு. எதைப் பார்க்கிறோம் என்பதும் பெயரிலேயே இருக்கிறது. பழையன கழிதலும் புதியன புகுதலும் மொழிக்கு வழுவல்ல, சரி. செயலியில் புதியன புகும்போது பழையன கழிந்தால் அதுதான் வழு.

அகராதியில் முதலில் கண்ட சொல்லைப் பிய்த்து ஒட்டுகிறவர்கள், அந்த வேலையைச் செய்யும் ஒருவரிடம் ஒரு நிமிடம் கேட்கக் கூடாதா? 'ரெக்ரஷன் டெஸ்ட்' என்றே எழுதியிருந்தால்கூட எனக்குக் கோபம் வந்திருக்காது. பையன் பயந்திருக்கவும் மாட்டான்.

அவன் இப்போது தேறிவிட்டான். போன வாரம் யாரோ பொத்தானின் ஐடியை மாற்ற, பொத்தான் நன்றாக இருந்தும் சோதனை தோற்றது. "அண்ணே, கெட்டது செயலியா, சோதனையா?" என்று கேட்டான்.

சோதனைதான்.